என் மெஷின் பெட்டரி தின்னவில்லை

1. முதலில் என்னுடைய பிழைகள்

முதல் நாளே ஒரு வேனின் பியூஸை எரித்தேன். இதை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாரும் கண்டுபிடித்த மாதிரி வந்து சொல்ல வேண்டாம்.

நான் செய்கிற வேலை காரின் உள்பக்கத்தைத் துப்புரவாக்குவது. வெளியே கழுவ மாட்டேன். என்னிடம் இருப்பது கையில் தூக்கக்கூடிய ஒரு சின்ன வெக்கியூம். அதற்கு வீட்டுக் கரண்ட் தேவையில்லை. சிகரெட் பற்றவைக்க என்று காரில் ஒரு குழி இருக்கிறதே, இப்போது எல்லாரும் ஃபோன் சார்ஜ் போடுகிற குழி, அதில் பிளக்கைக் குத்தினால் ஓடும். வயர் டிக்கி வரைக்கும் எட்டும். மெஷினையும் இரண்டு பிரஷ்களையும் ஒரு வெள்ளைத் துணியையும் பையில் போட்டுக்கொண்டு, என் தங்கச்சி பாவித்துக் கழித்த ஸ்கூட்டியில் போவேன். சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, யார் கூப்பிட்டாலும் போவேன்.

அந்த வேனில் குழிக்குப் போட்டிருந்தது பத்து அம்பியர் பியூஸ். என் மெஷின் அதைவிடக் கூட இழுக்கும். மெஷினின் அடியில் அது எழுதியிருக்கிறது. நான் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் ஓடியது, நின்றது. புது பியூஸ் நானே வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து பியூஸ் பெட்டி மூடியை வாசிக்காமல் பிளக்கைத் தொடுவதில்லை.

இரண்டாவது பிழை பாண்டிருப்பில் ஒரு நேர்ஸ் அக்காவின் காரில். எஞ்சினை நிற்பாட்டி வைத்துவிட்டு, ரேடியோவையும் போட்டுக்கொண்டு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தேன். அவர் டியூட்டிக்குப் போக யூனிஃபோமோடு வந்து திறப்பைத் திருகினார். டிக் என்றது. அதோடு சரி.

"ராத்தா, கார் நல்ல சுத்தம். ஓடத்தான் மாட்டெண்டுது" என்றார். ராத்தா என்றால் அக்கா, என்னை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பிழை என்னுடையது என்று அந்த இடத்திலேயே சொன்னேன். அவருடைய தம்பியும் நானும் காரை றோட்டு வரைக்கும் தள்ளினோம். நான் அபாயாவை இழுத்துச் சொருகிக்கொண்டு தள்ளினதைப் பார்த்து எதிர்வீட்டு மனுசன் சிரித்தார். சிரிக்கட்டும். அந்த நேர்ஸ் அக்கா இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார். பிழை விட்டவள் ஒத்துக்கொண்டால் ஆக்கள் மன்னிப்பார்கள். விடாத பிழையை ஒத்துக்கொள்ளச் சொன்னால் என்ன செய்வது என்பதுதான் இனி நான் சொல்லப் போவது.

2. ஏன் என்னைக் கூப்பிடுகிறார்கள்

குவைத்தில் ஏழு வருடம் வீட்டு வேலை செய்தேன். அங்கே வெள்ளிக்கிழமை தோறும் மூன்று கார்களை உள்ளே துப்புரவாக்குவதும் என் தலையில்தான் விழுந்தது. திரும்பி வந்தபோது என்னைக் கட்டின மாப்பிள்ளை வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். அழுது முடித்த பிறகு, எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். கார் சீட்டுக்குக் கீழே கை விட்டுத் தூசி எடுக்கத் தெரியும். அதைத்தான் தொழிலாக்கினேன்.

எங்கள் பக்கத்தில் இப்போது பெண்கள் நிறையப் பேர் கார் ஓட்டுகிறார்கள். டீச்சர்மார், நேர்ஸ்மார், பேங்கில் வேலை செய்கிறவர்கள். மெயின் றோட்டில் உள்ள சேர்விஸ் ஸ்டேஷனில் காரை விட்டால் நான்கு ஆண்கள் நான்கு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே கிடக்கிற மருந்துச் சீட்டையும் சீப்பையும் பிள்ளையின் உடுப்பையும் எடுத்து வெளியே வைப்பார்கள். அது பெண்களுக்குப் பிடிக்கவில்லை. நான் அவர்களுடைய வீட்டு வளவுக்கே போவேன். வேலை முடியும் மட்டும் அவர்கள் பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

சேர்விஸ் ஸ்டேஷன் முதலாளிக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் பெற்றோல் செட்டில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "என்ன ராத்தா, நுளம்பு மாதிரி ஒண்டு வெச்சிருக்கீங்களாம், அது தூசிய உறிஞ்சுதா, ரத்தத்த உறிஞ்சுதா?" என்றார்.

"உங்கட ஸ்டேஷன்ல கழுவின காரத்தான் அடுத்த நாள் நான் துப்புரவாக்கிறன். என்ன உறிஞ்சிச்சு எண்டு வந்து பாருங்க" என்றேன்.

அவர் அதை மறக்கவில்லை.

வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதைப் படித்துவிட்டு யாராவது பெண் தொடங்கலாம். எஞ்சினை ஸ்டார்ட்டில் வைத்துத்தான் இழுக்க வேண்டும். காரை மூடின ஷெட்டுக்குள் வைக்கக் கூடாது, புகை ஆளைக் கொல்லும். இருபது நிமிடம் ஓட்டினால் மெஷினுக்குப் பத்து நிமிடம் ஓய்வு. கடற்கரை மண் வெறுமனே இழுத்தால் வராது. கார்ப்பெட்டைப் பிரஷ்ஷால் நோண்டி மண்ணை மேலே கொண்டுவந்து பிறகு இழுக்க வேண்டும். ஈரத்தில் வைத்தால் மெஷின் செத்துப் போகும். நோன்பு மாதம் பள்ளிவாசலில் வாங்கி வருகிற கஞ்சி ஒவ்வொரு காரிலும் ஒருமுறையாவது கவிழும். அதற்கு மெஷின் சரிவராது, சுடுதண்ணீரும் துணியும் முழங்காலும்தான்.

3. இரண்டு மூடை

எங்கள் ஊர்ப் போடியார்களில், அதாவது பெரிய வயல்காரர்களில், ஒருவருடைய மனைவி டீச்சர். டீச்சரிடம் ஒரு ஹைபிரிட் கார் இருந்தது. மாதம் ஒருமுறை அதை நான்தான் துப்புரவாக்குவேன்.

போடியார் ஒவ்வொரு அறுவடைக்கும் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஸகாத் நெல்லைக் கணக்காகப் பிரித்து, உரிய வீடுகளுக்குக் கொடுப்பவர். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் வீடும் அந்த வீடுகளில் ஒன்று. வழமையாக உழவு மெஷினின், அதாவது டிரக்டரின், பெட்டியில் போட்டு அனுப்புவார். இந்தமுறை பெரும்போக அறுவடையில் அந்த உழவு மெஷின் வயல் வட்டையில் புதைந்து நின்றுவிட்டது. காத்திருக்கப் பொறுமையில்லாத மனுசன், டீச்சரின் காரின் பின்சீட்டில் ஒரு தடவைக்கு இரண்டு மூடையாக ஏற்றி, வீடு வீடாக அவரே கொண்டுபோய் இறக்கினார். என் வீட்டுக்கும் இரண்டு மூடை அந்தக் காரில்தான் வந்தது. ஒவ்வொரு மூடையின் ஒரு முனையை அவர் பிடிக்க மறுமுனையை நான் பிடித்து இறக்கினேன். சாக்கு, பின்சீட்டுப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஜாலியோடு, காற்றுப் போகிற ஓட்டைத் தட்டோடு, ஒட்டியபடி வந்திருந்தது. அதை நான் கண்டேன்.

ஒரு கிழமை கழித்து டீச்சர் கூப்பிட்டார். "ராத்தா, கார் முழுக்க நெல்லுச் சுணை. பிள்ளைகள் ஏறினா சொறிஞ்சிக்கிட்டுத்தான் இறங்குதுகள்."

போனேன். சீட்டின் தையலுக்குள்ளும் கார்ப்பெட்டுக்குள்ளும் பதர். இழுத்தேன். பின்சீட்டுப் பக்கத்து ஜாலிக்கு வந்தபோது அதன் ஓட்டைகள் மூடிக் கிடந்தன. விரலால் தட்டினால் உள்ளே இன்னும் இருப்பது தெரிந்தது.

ஹைபிரிட் காரில் இரண்டு பெட்டரி. ஒன்று எல்லாக் காரிலும் இருக்கிற பன்னிரண்டு வோல்ட். மற்றது பின்சீட்டுக்குக் கீழே இருக்கிற பெரியது, எஞ்சினோடு சேர்ந்து காரை ஓட்டுவது அதுதான். பெரிய பெட்டரி சூடாகாமல் இருக்க ஒரு ஃபேன் அந்த ஜாலி வழியாகக் காற்று இழுக்கும். ஜாலி அடைத்தால் பெட்டரி வேகும். இதை வேறொரு காரில் ஒரு மெக்கானிக் கழற்றித் துப்புரவாக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்துப் படித்தேன்.

"டீச்சர், இதக் கழட்டி உள்ளுக்கு எடுக்கணும்" என்றேன்.

டீச்சர் வாய் திறக்குமுன் விறாந்தையில் இருந்த போடியார் சொன்னார். "அதில கை வைக்காத புள்ள. அது ஹைபிரிட். மேலால தூசியத் தட்டிட்டுப் போ."

நான் கை வைக்கவில்லை. மேலால் தட்டிவிட்டு வந்தேன்.

என் வேலையில் நான் விட்ட பெரிய பிழை எரிந்த பியூஸும் இல்லை, செத்த பெட்டரியும் இல்லை. இதுதான். சொன்னவர் நெல் தந்தவர். அந்த இரண்டு மூடையும் என் குசினியில் அடுப்புப் பக்கத்து மூலையில் இருந்தன. அதனால் வாயை மூடினேன்.

4. போடியாரின் வளவு

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி. டீச்சரின் ஃபோன். "ராத்தா, கார்ல எச்சரிக்கை லைட் எரியுது. இவர் உங்கள..." என்று சொல்லும்போதே போடியார் ஃபோனைப் பிடுங்கிவிட்டார்.

"உடன வா. உன்ட மெஷின் என்ட பெட்டரியத் திண்டு போட்டு."

மெஷினைப் பையில் போட்டேன். ஏன் எடுத்துப் போகிறேன் என்று அப்போது தெரியாது. கை அதை எடுத்தது.

வளவில் சேர்விஸ் ஸ்டேஷன் முதலாளி அவருடைய வேனில் வந்து நின்றார். கையில் ஸ்கேன் பண்ணுகிற கருவி. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர். கடப்பு வாசலில் மீன் வியாபாரி சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். டீச்சர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"இவ கண்ட கண்ட மெஷினக் குத்தினதில பெரிய பெட்டரி போயிட்டு. மாத்தணும். வேற வழியில்ல" என்றார் முதலாளி.

"என்ட மெஷின் குத்துறது பன்னிரண்டு வோல்ட்ல. லைட் காட்டுறது பெரிய பெட்டரிய. ரெண்டும் வேற" என்றேன்.

"பாத்தீங்களா போடியார், ராத்தா இப்ப எஞ்சினியர்" என்றார். மதிலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

போடியார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மெல்லமாகச் சொன்னார். "இஞ்ச பாரு புள்ள. நான் உனக்கிட்ட ஒரு சதமும் கேக்கல்ல. உனக்கிட்ட என்ன இரிக்கு, நான் கேக்க? பிழை என்னதுதான் எண்டு இவங்களுக்கு முன்னால ஒத்துக்க. இந்த மெஷினக் கொண்டு போய் மூலையில போடு. பொம்புள ஒருத்தி வளவு வளவாத் திரியிறதும் சரியில்ல. நான் நெல்லுத் தாறவன்தானே. உன்னப் பட்டினி கிடக்க உட்டனா?"

அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒத்துக்கொண்டு வந்தால் ழுஹர் தொழுகைக்கு முன்னம் ஊர் முழுக்கப் போய்விடும். அந்த ராத்தாவின் மெஷின் பெட்டரி தின்னும் என்று ஒரு பெயர் வந்தால் எந்தப் பெண் தன் வளவுக்குக் கூப்பிடுவாள்? எனக்குத் தெரிந்த ஒரே வேலை அன்றோடு முடிந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்க அவருடைய அறுவடையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

"போடியார், அந்த நெல்லு உங்கட இல்ல" என்றேன்.

"என்ன?"

"ஸகாத்து. அல்லாஹ் எனக்கு வெச்ச பங்கு உங்கட வட்டைக்குள்ள கிடந்திச்சு. நீங்க கொண்டு வந்து தந்தீங்க. அதுக்கு அவன் உங்களுக்குக் கூலி தருவான். அதுக்காக நான் பொய் சொல்லணும் எண்டு எந்த மார்க்கக் கிதாபிலயும் இல்ல."

மீன் வியாபாரி தொண்டையைச் செருமினார்.

நான் டீச்சர் பக்கம் திரும்பினேன். "டீச்சர், கார் யார்ர பேரில இரிக்கு?"

அவர் புருசனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்ட பேரில."

"அந்த ஜாலியக் கழட்டட்டா?"

"கழட்டுங்க ராத்தா" என்றார். உள்ளே போய் அவரே கார்த் திறப்பை எடுத்து வந்து என் கையில் தந்தார்.

காரை முழுக்க ஓஃப் பண்ண வேண்டும், ஃபேன் சுற்றக் கூடாது. அப்படியானால் என் மெஷினை எங்கே குத்துவது? முதலாளியின் வேன் பக்கத்தில்தான் நின்றது.

"முதலாளி, உங்கட வேன ஸ்டார்ட் பண்ணுங்க. அதிலயே குத்துறன். திங்குதா, இல்லையா எண்டு எல்லாரும் பாக்கட்டும்."

"என்ட வேன்லயா? என்னத்துக்கு?"

மதிலில் நின்ற ஒருவர், "ஏன் முதலாளி, பயமா இரிக்கா?" என்றார். சற்று முன்பு என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆள்தான். முதலாளிக்கு வேறு வழியில்லை. வேனை ஸ்டார்ட் பண்ணினார். பியூஸ் பெட்டி மூடியை வாசித்தேன். பதினைந்து அம்பியர், என் மெஷினுக்குத் தாங்கும். குத்தினேன்.

ஜாலியைப் பிளாஸ்ரிக் கரண்டிக் காம்பால் நெம்பிக் கழற்றினேன். உள்ளே வடிகட்டியில் தூசி போர்வை மாதிரி ஒட்டியிருந்தது. மெஷினில் ஒடுங்கின மூக்கை மாட்டி இழுத்தேன். வடிகட்டியை வெளியே எடுத்துப் பிரஷ்ஷால் தட்டினேன். அதற்குப் பின்னால் இருந்த குழாய்க்குள்ளும் இழுத்தேன். மெஷினின் கிண்ணம் இரண்டுதரம் நிறைந்தது. எல்லாரும் அந்த நுளம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

முடிந்ததும் போடியாரின் காலடியில் வெள்ளைத் துணியை விரித்துக் கிண்ணத்தைக் கொட்டினேன். சாம்பல் நிறத் தூசி, பதர், சாக்கு நூல், நடுவில் முழு நெல் பத்துப் பன்னிரண்டு.

போடியார் குனிந்தார். ஒரு நெல்லை எடுத்துப் பல்லுக்கு இடையில் வைத்துக் கடித்தார். களத்தில் நெல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவர் ஆயிரம் தடவை செய்கிற வேலை. யோசித்துச் செய்யவில்லை, பழக்கம். கடித்த பிறகு அதைக் கையில் துப்பி, உள்ளே இருக்கிற அரிசியைப் பார்த்தார்.

"என்ட நெல்லுத்தான்" என்றார்.

"என்ட ஊட்டுக்கு வந்த நெல்லு" என்றேன். "அண்டைக்கு நான் கழட்டப் போனன். நீங்க உடல்ல. நானும் பேசாமப் போனன். அந்தப் பிழை என்னது, அத ஒத்துக்கிறன். பெட்டரி என்னது இல்ல."

டீச்சர் முதலாளியைப் பார்த்து, "உங்கட மெஷின்ல அந்த லைட்ட அழிச்சு உடுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கதைக்கிற குரல். முதலாளி ஸ்கேன் கருவியைக் குத்தி அழித்தார். டீச்சர் தானே காரை எடுத்துக்கொண்டு காரைதீவுச் சந்தி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். லைட் எரியவில்லை. முதலாளி வேனை நிற்பாட்டிவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். நான் பண்ணச் சொன்னேன், எல்லாருக்கும் முன்னால். ஒரே தட்டில் பிடித்தது.

போடியார் மன்னிப்புக் கேட்கவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மீன் வியாபாரிதான் அந்தக் கதையை ஊர் முழுக்கக் கொண்டுபோனவர். அன்று மீனோடு சேர்த்து அதையும் விற்றிருப்பார்.

5. அதற்குப் பிறகு

அடுத்த போகம், சிறுபோகம், வெட்டி முடிந்தது. மற்ற வீடுகளுக்கு நெல் வந்தது. என் வீட்டுக்கு வரவில்லை. பத்து நாள் பார்த்தேன். வேலை கூடியிருந்தது, ஆனாலும் ஸகாத் வேண்டாம் என்று சொல்கிற நிலைமைக்கு நான் இன்னும் வரவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பதினோராம் நாள் ஒரு ஓட்டோ பிடித்துக்கொண்டு அவருடைய கடப்பில் போய் இறங்கினேன். போடியார் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"என்ட பங்கு வரல்ல" என்றேன்.

பேப்பரைக் கீழே வைக்காமலே கேட்டார். "கேட்டு வாங்க வந்தியா?"

"ஓம். கேக்கிறதுக்கு உரிமை இரிக்கிறதால வந்தன்."

பேப்பரை மடித்தார். பிறகு, "கொட்டிலுக்குள்ள கட்டி வெச்சிருக்கு. உன்ட பேர் அதில எழுதித்தான் இரிக்கு. நீ வாறியா பாப்பம் எண்டு இருந்தன்" என்றார். உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தேன், சாக்கில் என் பெயர் இருந்தது. மை காய்ந்திருந்தது. ஓட்டோவில் ஏற்றும்போது பின்னால் நின்று சொன்னார். "அடுத்த மாசம் வந்தா அந்த ஜாலியையும் ஒருக்காப் பாரு."

"பாக்கிறன். அதுக்குத் தனிக் கூலி."

"ஓம், ஓம்" என்றார்.

இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பியூஸ் பெட்டி மூடியை வாசியுங்கள். எஞ்சினை ஓடவிட்டு இழுங்கள். ஜாலி அடைத்திருப்பதைக் கண்டால் அன்றைக்கே சொல்லுங்கள், விறாந்தையில் யார் இருந்தாலும் சொல்லுங்கள், கேட்காவிட்டால் இரண்டாம் தரமும் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் துணியை விரித்து, எடுத்ததை எல்லாம் சொந்தக்காரருக்கு முன்னால் கொட்டிக் காட்டுங்கள்.

அன்று என் வாயை மூடினது குசினி மூலையில் இருந்த இரண்டு மூடை. இப்போதும் அதே மூலையில் இரண்டு மூடை இருக்கிறது. வாய் திறந்துதான் இருக்கிறது.